முதலில் மூன்று கம்பிகளை இணைத்துப் பாருங்கள்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ பேருந்தில் செல்லும்போது, சாலையோரத்தில் 'எடை மேடை' என்று எழுதிய பலகைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று மேடைமீது ஏறி நிற்கிறது. பக்கத்து அறையில் ஒரு சிறு பெட்டியில் சிவப்பு எண்கள் சற்று நேரம் ஏறி இறங்கி, பிறகு ஓரிடத்தில் நிலைக்கின்றன. மேசைமேல் உள்ள கணிப்பொறியில் அதே எண் தோன்றுகிறது. அச்சுப்பொறி ஒரு சீட்டைத் தள்ளுகிறது. அந்தச் சீட்டில் உள்ள எண்ணை வைத்துத்தான் கிழங்கு விளைவித்தவருக்குப் பணம். உங்களில் சிலருடைய தந்தையே அந்தச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கலாம்.

அந்தச் சிவப்பு எண், பெட்டியிலிருந்து கணிப்பொறிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? யாரும் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்யவில்லை. பெட்டியின் பின்புறத்திலிருந்து சாம்பல் நிறக் கேபிள் ஒன்று மேசைக்கு அடியில் ஓடுகிறதே, அதன் வழியாகத்தான் போயிற்று. கேபிளுக்குள் பல கம்பிகள் இருக்கலாம். உண்மையில் தேவைப்படுபவை மூன்றே மூன்று: பேசுவதற்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. இதற்குச் சீரியல் இணைப்பு என்று பெயர்.

சீரியல் என்றதும் மாலையில் வீட்டில் ஓடும் தொலைக்காட்சித் தொடர்தான் நினைவுக்கு வரும். பொருள் ஒன்றேதான்! முழுக் கதையையும் ஒரே நாளில் சொல்லாமல் நாளுக்குக் கொஞ்சமாகச் சொல்வது அது. எட்டுப் பிட்டுகளை எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்பாமல், ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது இது. இதில் கதை சீக்கிரம் முடிந்துவிடும் என்பது ஒன்றே வேறுபாடு.

மாணவர்களின் கைக்கு எட்டும் விலையில் இப்போது சின்னஞ்சிறு கணிப்பொறி அட்டைகள் கிடைக்கின்றன. 2005-ஆம் ஆண்டில் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ அட்டையை உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே பார்த்திருக்கக்கூடும். 2012-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ராஸ்பெர்ரி பை, ஒரு முழுக் கணிப்பொறியையே உள்ளங்கையளவு அட்டையில் அடக்கிவிட்டது. இவற்றை வாங்கியவுடன் பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? தயாராக விற்கும் உணர்வி அட்டைகளை வாங்கிச் செருகுகிறார்கள். தயாராகக் கிடைக்கும் நிரலை ஏற்றுகிறார்கள். விளக்கு எரிந்ததும் மகிழ்ந்து போகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த அட்டைக்கென்றே செய்யப்படாத ஏதாவது ஒரு கருவியை, மூன்று கம்பிகளால் நீங்களே இணைத்துப் பேச வைக்க வேண்டும். அதுதான் முதற் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்படி அடித்துப் பேசும் துணிவு எனக்கு எப்போது வந்தது என்று கேட்பீர்கள். ஓர் அட்டையைக் கொன்ற பிறகு வந்தது.

கருகிய அட்டை

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். எங்கள் துறையின் பண்டக அறையில் ஒரு எலெக்ட்ரானிக் தராசு கிடந்தது. கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் நல்ல தராசு. அதில் பழுது ஒன்றும் இல்லை. அதன் பின்புறத்தில் ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் போர்ட் ஒன்று இருந்தது. அதனுடன் இணைந்திருந்த பழைய கணிப்பொறி ஓய்ந்துவிட்டது. புதிதாக வந்த கணிப்பொறிகளில் அந்தப் போர்ட்டே இல்லை. ஆகவே தராசும் கழித்துவிட வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பேசத் தெரிந்தவனை, கேட்பதற்கு ஆளில்லை என்பதற்காக ஊமை என்று எழுதிவைத்தது போல!

எனக்கு மனம் பொறுக்கவில்லை. ராஸ்பெர்ரி பை அட்டையின் ஓரத்தில் 40 ஊசிகள் இருக்கின்றன. அவற்றில் 8-ஆவது ஊசி பேசுவதற்கு, 10-ஆவது கேட்பதற்கு, 6-ஆவது பொதுத் தரை. மூன்று கம்பிகள் போதும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன் அல்லவா? தராசிலிருந்து மூன்று கம்பிகளை எடுத்து நேரே இந்த மூன்று ஊசிகளில் செருகி மின்சாரம் கொடுத்தேன். புகையும் வரவில்லை, நாற்றமும் வரவில்லை. அட்டை அமைதியாக உயிரை விட்டது. ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய்.

அதன் பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்துத் தராசின் கம்பியை அளந்தேன். முள் எதிர்ப்பக்கம் போயிற்று! ஒன்பது வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. அதுவும் எதிர்மின் அழுத்தம். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தேன்.

நடந்தது இதுதான். அந்த ஒன்பது ஊசிப் போர்ட், ஆர்.எஸ். 232 என்ற விதிமுறையைப் பின்பற்றுகிறது. அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் தொழில் சங்கம் 1960-ஆம் ஆண்டில் வகுத்த விதிமுறை அது. அதில் 'ஒன்று' என்ற பிட்டுக்கு எதிர்மின் அழுத்தம், 'சுழி' என்ற பிட்டுக்கு நேர்மின் அழுத்தம். அளவு 3 முதல் 15 வோல்ட் வரை எதுவாகவும் இருக்கலாம். ராஸ்பெர்ரி பையோ 'ஒன்று' என்பதற்கு 3.3 வோல்ட், 'சுழி' என்பதற்கு 0 வோல்ட் என்று வைத்துக்கொண்டிருக்கிறது. 5 வோல்ட்டைக் கூட அதன் ஊசிகள் தாங்கா. ஆக, இருவரும் பேசும் குரலின் உரமும் வேறு. ஒருவர் 'ஆம்' என்று தலையை ஆட்டும் விதம் மற்றவருக்கு 'இல்லை' என்று பொருள்படுகிறது.

இந்த இடத்தில் உங்களில் கெட்டிக்காரர் ஒருவர், "இரண்டு மின்தடைகளைப் போட்டு அழுத்தத்தைக் குறைத்துவிடலாமே, சார்?" என்று கேட்பார். நல்ல கேள்வி. ஆர்டுயினோ யூனோ 5 வோல்ட்டில் பேசுகிறது. அதன் பேசும் ஊசியிலிருந்து 1000 ஓம் தடை ஒன்றும், அதற்கு அடுத்து தரைக்கு 2000 ஓம் தடை ஒன்றும் தொடராக இணைத்தால், இரண்டாவது தடையின் குறுக்கே 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.33 வோல்ட் கிடைக்கும். அதை ராஸ்பெர்ரி பையின் கேட்கும் ஊசிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பத்தாம் வகுப்பில் ஓம் விதியைப் படித்துவிட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோமே, அது முப்பது காசுத் தடைகளைக் கொண்டு மூவாயிரம் ரூபாய் அட்டையைக் காப்பாற்றும் இடம் இது. ஆனால் தராசின் எதிர்மின் அழுத்தத்தை எத்தனை தடைகளைக் கொண்டு வகுத்தாலும் அது எதிர்மின் அழுத்தமாகவேதான் இருக்கும். தலைகீழான பொருளும் மாறாது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் பெயர் மேக்ஸ் 3232. 1987-ஆம் ஆண்டில் வந்த மேக்ஸ் 232 என்ற சில்லின் தம்பி இது, 3.3 வோல்ட்டிலேயே வேலை செய்யும். மின்தேக்கி ஒன்றை மின்னேற்றி, அதை வழங்கு அழுத்தத்தின்மேல் தூக்கி வைத்து இரட்டிப்பாக்குகிறது. பிறகு இன்னொரு மின்தேக்கியின் முனைகளைத் தலைகீழாக மாற்றி எதிர்மின் அழுத்தத்தை உண்டாக்குகிறது. இதை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை செய்கிறது. மின்தேக்கிப் பாடம் எதற்கு என்று அலுத்துக்கொள்ளும் மேல்நிலை மாணவர்கள் இந்தச் சில்லைச் சுற்றியுள்ள நாலைந்து மின்தேக்கிகளைப் பார்க்க வேண்டும். இது பொருத்திய சிறு அட்டை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

மூன்றாவது கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. பேச ஒன்று, கேட்க ஒன்று. பொதுக் கம்பி எதற்கு என்று அதை விட்டுவிடுபவர்கள் உண்டு. மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடி ஆனால் அணை நிரம்பிவிட்டது என்கிறோம். ஆனால் அணையின் உயரம் 214 அடி என்று புத்தகத்தில் இருக்கிறது! இரண்டும் சரிதான். உயரத்தை அளக்கத் தொடங்கிய இடம் வேறு, நீர்மட்டத்துக்குச் சுழி வைத்த இடம் வேறு. மின்னழுத்தமும் அப்படித்தான். 3.3 வோல்ட் என்று சொன்னால் போதாது, எங்கிருந்து 3.3 என்று இரு கருவிகளும் ஒத்துப்போக வேண்டும். அந்த ஒப்பந்தம்தான் பொதுத் தரைக் கம்பி. மற்ற இரண்டும் குறுக்காகப் போக வேண்டும்: இவர் வாய் அவர் காதுக்கு, அவர் வாய் இவர் காதுக்கு. வாயோடு வாயை இணைத்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லையே என்று விழிப்பது, ஆசிரியர்கள் உட்பட, எல்லாரும் ஒரு முறையாவது செய்வது.

பாதி எண்கள் மட்டும் வந்தன

இரண்டாவது அட்டை வாங்கினோம். இடையில் மேக்ஸ் 3232. இம்முறை அட்டை சாகவில்லை. ஆனால் திரையில் வந்தவை எழுத்துகளா, கிறுக்கல்களா என்று தெரியவில்லை.

ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, பேசுகிறவரும் கேட்கிறவரும் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு கருவிகளிலும் தனித்தனிக் கடிகாரங்கள். இவற்றை ஒன்றாக ஓட வைக்க நான்காவது கம்பி கிடையாது. சும்மா இருக்கும்போது கம்பி 'ஒன்று' நிலையில் நிற்கிறது. எழுத்து ஒன்றை அனுப்பும் முன் ஒரு பிட் நேரத்துக்கு அது 'சுழி'க்கு இறங்குகிறது. கோலாட்டத்தில் முதல் தட்டு விழுந்ததும் இருவரும் மனத்துக்குள் தாளம் எண்ணத் தொடங்குவார்களே, அது போன்றது இந்தத் தொடக்க பிட். அதற்குப் பின் எட்டு பிட்டுகள். கடைசியில் ஒரு முடிவு பிட். ஆக எழுத்துக்குப் பத்து. வேகத்தைப் 'பாட்' என்ற அலகால் சொல்கிறார்கள். பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரால் வந்த அலகு. 9600 பாட் என்றால் ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 104 மைக்ரோ நொடி. நொடிக்கு 960 எழுத்துகள்.

இரண்டு கடிகாரங்களும் எவ்வளவு வேறுபடலாம்? கேட்கும் கருவி ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் பார்க்கிறது. தொடக்க பிட்டின் விளிம்பிலிருந்து எண்ணினால் கடைசிப் பிட்டின் நடு, ஒன்பதரை பிட் தூரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது அரை பிட்டுக்குமேல் தவறக்கூடாது. அரையை ஒன்பதரையால் வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 5 சதவீதம். அடுத்த எழுத்தின் தொடக்க பிட் வந்ததும் தாளம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பிழை சேர்ந்துகொண்டே போவதில்லை. எத்தனை எளிய தந்திரம்! கிண்டியில் 1960-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் தொழிற்சாலை செய்த தட்டச்சுத் தந்தி இயந்திரங்களும் இந்தத் தொடக்க-முடிவு முறையில்தான் பேசின. டெலக்ஸ் வழக்கில் அதன் வேகம் 50 பாட். ஒரு பிட்டுக்கு 20 மில்லி நொடி. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. தந்தியின் தாளம் மட்டும் எடை மேடைக் கேபிளுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் தராசுக்கு வருவோம். அதன் கையேடு காணாமல் போய் வெகு காலம். வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்ததில் 2400 பாட்டில் ஏதோ பாதி விளங்கியது. எண்கள் சில தெளிவாக வந்தன. சில இடங்களில் விசித்திரக் குறிகள். கம்பி சரியில்லை என்று நான் முடிவு கட்டி, கம்பியை மாற்றினேன். பயனில்லை. மேக்ஸ் அட்டையை மாற்றினேன். பயனில்லை.

இளநிலை இரண்டாம் ஆண்டு படித்துவந்த மாணவி ஒருத்தி வேறு வேலை செய்தாள். தராசின்மேல் வெவ்வேறு எடைகளை வைத்து, தராசு காட்டுவதையும் திரையில் வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். ஒரு பக்கம் எழுதி முடித்ததும், "சார், 0, 3, 5, 6, 9 எப்போதும் சரியாக வருகின்றன. 1, 2, 4, 7, 8 எப்போதும் கெடுகின்றன" என்றாள்.

கம்பி கோளாறாக இருந்தால் இப்படி வருமா? கெட்ட கம்பிக்கு எண்களில் ஓரவஞ்சனை கிடையாது. அந்தப் பட்டியலை நீங்களும் சற்று நேரம் பாருங்கள். கணிப்பொறிகள் பயன்படுத்தும் ஆஸ்கி முறையில் 0 என்ற எண்ணின் குறியீடு 0110000. அதில் இரண்டு ஒன்றுகள். 3-இன் குறியீடு 0110011, நான்கு ஒன்றுகள். ஆனால் 1-இன் குறியீடு 0110001, மூன்று. 7-இன் குறியீடு 0110111, ஐந்து. சரியாக வந்த எண்கள் எல்லாவற்றிலும் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை. கெட்டவை எல்லாவற்றிலும் ஒற்றைப்படை!

விடை கிடைத்துவிட்டது. தராசு எட்டு பிட்டுகளில் பேசவில்லை. ஏழு பிட்டுகளில் எழுத்தைச் சொல்லி, எட்டாவதை ஒரு காவல்காரனாக வைத்திருந்தது. மொத்தத்தில் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்படி அந்தக் காவல் பிட் 0 அல்லது 1 ஆகும். வழியில் ஒரு பிட் கெட்டால் எண்ணிக்கை ஒற்றைப்படையாகி, கேட்பவருக்குத் தெரிந்துவிடும். நாங்களோ அந்தக் காவல்காரனையும் எழுத்தின் பகுதி என்று நினைத்துப் படித்தோம். அமைப்பில் 'ஏழு பிட், இரட்டைச் சமன்' என்று ஒரு வரியை மாற்றியதும் எடைகள் வரிசையாக வந்து விழுந்தன. அன்று அந்த மாணவிக்குத் தெரிந்த இயற்பியல் எனக்கு ஒரு வாரமாகத் தெரியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஏழு பிட் என்பது ஆங்கில எழுத்துகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நம் எழுத்துகள் அதில் அடங்கா. இன்றைய யூனிகோட் வழக்கில் பெரும்பாலும் பயன்படும் முறையில் 'சேலம்' என்ற சொல் 15 பைட்டுகள், 'நாமக்கல்' 24. எட்டு பிட் கம்பியில் 9600 பாட்டில் 'நாமக்கல்' 25 மில்லி நொடியில் போய்விடும். நேரம் ஒரு பொருட்டே இல்லை. கருவியின் நிரலை எழுதியவர் நம் மொழியை நினைத்தாரா என்பதுதான் கேள்வி.

எண்ணுக்கு முன்னால் வரும் இரண்டு எழுத்துகள்

இனிதான் முக்கியமான செய்தி. தராசு அனுப்பிய ஒவ்வொரு வரியிலும் எடைக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன. தட்டு ஆடாமல் இருக்கும்போது 'எஸ்.டி.', ஆடிக்கொண்டிருக்கும்போது 'யு.எஸ்.'. நிலைத்த எடை, நிலைக்காத எடை என்று பொருள். "இந்த எண்ணை இன்னும் நம்பாதே" என்று கருவியே சொல்கிறது! பல எடைக் கருவிகளில் இத்தகைய அடையாளம் ஏதாவது ஒன்று உண்டு.

இப்போது எடை மேடையை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எழுத்துகளைப் படிக்காமல், வரியின் எண்ணை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும் நிரல் ஒன்றை ஒருவர் எழுதிவிட்டால் என்ன ஆகும்? லாரி முழுவதும் நிற்கும் முன்பே வந்த எண்ணும் சீட்டில் ஏறிவிடலாம். கருவி பொய் சொல்லவில்லை. கம்பியும் பொய் சொல்லவில்லை. கேட்டவர் பாதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எந்த எடை மேடையிலும் இப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. சீட்டை வாங்குபவருக்கு, எண்ணுக்கும் சீட்டுக்கும் இடையில் ஒரு கம்பியும் ஒரு நிரலும் இருக்கின்றன என்பதாவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். கிழங்கும் முட்டையும் பாலும் எடைபோட்டு விற்கும் வீடுகளிலிருந்து வரும் நம் பகுதி மாணவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு அன்று.

ஓர் எச்சரிக்கை. வியாபாரத்துக்குப் பயன்படும் எடைக் கருவிகளில் அரசு முத்திரை இருக்கும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. பால் சங்கத்துத் தராசையோ கடைத் தராசையோ திறக்கக் கூடாது. ஆராய்ச்சியை ஆய்வகத் தராசோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் தராசு கழிவுப் பட்டியலிலிருந்து மீண்டுவிட்டது. ஈர ஜவ்வரிசியைத் தட்டில் பரப்பி வைத்துவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போனோம். ராஸ்பெர்ரி பை இரவு முழுவதும் நிமிடத்துக்கு ஒரு முறை எடையைக் குறித்து வைத்தது. மறுநாள் காலையில் நீர் எவ்வளவு, எந்த வேகத்தில் போயிற்று என்று வரைபடமே தயார். இரவில் நிமிடந்தோறும் எழுந்து எடைபோட எந்த மாணவர் இசைவார்? இணைப்பு என்பது இதற்காகத்தான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். அழகான வேலைப்பாடு, மண்ணின் ஈரம் குறைந்தால் மோட்டார் தானாக ஓடுகிறது. "இந்த மஞ்சள் கம்பியில் என்ன போகிறது?" என்று கேட்டேன். "அது மஞ்சள் கம்பி சார், இந்த ஊசியில் செருக வேண்டும் என்று பெட்டியில் படம் போட்டிருக்கிறது" என்றான் பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்த நாங்கள் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுக்கவில்லை.

வேறு வழியில் சிந்தித்தவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். புது தில்லியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் என்ற நிறுவனம் இருக்கிறது. அணுக்கரு ஆராய்ச்சிக்கான பெரிய துகள் முடுக்கியை இயக்குபவர்கள். அங்கே 2004-ஆம் ஆண்டில் ஃபீனிக்ஸ் என்ற திட்டம் தொடங்கியது. அஜித் குமார் என்ற அறிவியலாளர் அதில் முன்னின்றார். மாணவர்கள் செய்யும் இயற்பியல் சோதனைகளைக் கணிப்பொறியோடு மலிவாக இணைப்பதே நோக்கம். அதன் வழியில் வந்த எக்ஸ்ப்ஐஸ் என்ற கையடக்கப் பெட்டி, உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் பயன்படுத்தத் தக்கது. யுஎஸ்பி கம்பியால் இணைப்பதுதான்; ஆனால் உள்ளே ஒரு சில்லு யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றிக் கொடுக்கிறது. ராஸ்பெர்ரி பையில் செருகினால் ஒரு சீரியல் போர்ட்டாகவே தெரியும். அதன் சுற்று வரைபடமும் நிரலும் யாரும் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டவை. உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் இதைப் பற்றிச் சொல்லுங்கள்.

"யுஎஸ்பி இருக்க, இந்தப் பழைய சரக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். பழையதுதான். ஆனால் இன்று புதிதாக விற்கும் செயற்கைக்கோள் இடங்காட்டி, கைரேகைப் படிப்பி, செல்பேசி வழிச் செய்தி அனுப்பும் அட்டை, காற்றில் தூசியை அளக்கும் உணர்வி ஆகியவற்றில் பல பேசுவது இதே தொடக்க-முடிவு மொழியில்தான். யுஎஸ்பியின் உள்விவரங்களை ஒரு பள்ளி மாணவர் ஒரு மாதத்தில் கற்பது கடினம். சீரியலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுவிடலாம். ஒவ்வொரு பிட்டையும் தாளில் வரைந்து காட்டலாம். முதற் பாடத்துக்கு அதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

எங்கே தொடங்குவது? வேறு கருவியே வேண்டாம். ராஸ்பெர்ரி பையின் 8-ஆவது ஊசியையும் 10-ஆவது ஊசியையும் ஒரே கம்பியால் இணையுங்கள். அதற்கு முன் அமைப்பு நிரலுக்குள் போய், இயக்க அமைப்பு தன் சொந்தப் பேச்சுக்கு அந்த ஊசிகளை வைத்திருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். நீங்கள் தட்டிய எழுத்து திரையில் திரும்பி வந்தால், அதன் வாயும் காதும் நலம். கம்பியைப் பிடுங்குங்கள், எழுத்து நிற்க வேண்டும்.

அடுத்து ஓர் இடங்காட்டி அட்டை வாங்குங்கள். முதலில் மல்டிமீட்டரால் அதன் பேசும் ஊசியை அளந்து, 3.3 வோல்ட்டுக்கு மேல் இல்லை என்று கண்ட பிறகு இணையுங்கள். இவ்வகை அட்டைகள் பெரும்பாலும் 9600 பாட்டில் பேசும். மொட்டை மாடியில் வானம் தெரியும் இடத்தில் வைத்தால் நொடிக்கு ஒரு முறை டாலர் குறியோடு தொடங்கும் வரிகள் வரும். ஆர்.எம்.சி. என்று முடியும் பெயர் கொண்ட வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியிருக்கும். அது பன்னாட்டு நேரம். அதற்கு அடுத்து ஒற்றை எழுத்து ஒன்று: 'ஏ' என்றால் நம்பலாம், 'வி' என்றால் இடம் இன்னும் தெரியவில்லை. தராசின் இரண்டு எழுத்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வருவது அட்சரேகை. நீங்கள் சேலம் நகரில் இருந்தால் அது 1140 என்பதை ஒட்டிய எண்ணாக இருக்கும். அதை 11.40 டிகிரி என்று படித்து வரைபடத்தில் குறித்தீர்களானால், சேலத்தில் மாடியில் நிற்கும் நீங்கள் சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே நாமக்கல் மாவட்டத்துக்குள் போய்விடுவீர்கள். அது 11 டிகிரி 40 நிமிடம். நிமிடத்தை 60-ஆல் வகுத்த பிறகுதான் டிகிரியோடு கூட்ட வேண்டும்.